பந்தியை விட்டு விலகிய பேதுரு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எனக்குத் தெரிந்த பெண் ஒருவர் இரண்டு ஆண்டுகளாக ஒரு சபையின் ஆராதனைக்குத் தவறாமல் சென்றுவருகிறார். அவர் ஞானஸ்நானம் கேட்டபோது, காதிலும் கழுத்திலும் இருப்பவற்றைக் கழற்றினால்தான் கொடுக்க முடியும் என்று சொல்லிவிட்டார்கள். ஞானஸ்நானம் இல்லாததால், அப்பமும் பாத்திரமும் பகிரும் திருவிருந்திலும் அவருக்கு இடமில்லை. நகையின்றி எளிமையாக வாழ்வோரை நான் மிகவும் மதிக்கிறேன். என் தாயாரும் அப்படி வாழ்ந்தவரே. ஆனால், ஒருவர் தாமாக ஏற்கும் எளிமை வேறு, இரட்சிப்பின் வாசலில் வைக்கப்படும் நிபந்தனை வேறு.

கலாத்தியருக்குப் பவுல் எழுதிய நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் ஒரு பந்தி விவகாரம் வருகிறது. அந்தியோகியாவில் யூதரல்லாத புறஜாதியாரோடு ஒரே பந்தியில் உண்டுவந்த அப்போஸ்தலர் பேதுரு, எருசலேம் சபையின் தலைவரான யாக்கோபினிடத்திலிருந்து சிலர் வந்ததும், விருத்தசேதனமுள்ளவர்களுக்கு, அதாவது யூதச் சட்டத்தைக் கைக்கொண்டவர்களுக்குப் பயந்து விலகிக்கொண்டார். அவரைப் பார்த்து மற்ற யூத விசுவாசிகளும், பவுலின் உடன் ஊழியரான பர்னபாவும்கூட விலகினார்கள். பேதுரு உபதேசத்தை மாற்றவில்லை. கிறிஸ்துவை மறுதலிக்கவும் இல்லை. உட்காரும் இடத்தை மட்டுமே மாற்றினார். அதற்காகவே பவுல் எல்லாருக்கும் முன்பாக அவரைக் கடிந்துகொண்டார். நியாயப்பிரமாணத்தினாலே (மோசேயின் சட்டத்தினாலே) நீதி வருமானால் கிறிஸ்து மரித்தது வீண் என்று அந்த அதிகாரத்தை அவர் முடிக்கும் வேகத்தைப் பார்த்தால், விசுவாசத்தோடு வேறொன்றையும் சேர்த்துக் கேட்பது அவருக்கு எவ்வளவு பெரிய காரியமாகத் தோன்றியது என்பது விளங்கும். அப்போஸ்தலர் நடபடிகள் 15ஆம் அதிகாரத்தில், நம் பிதாக்களும் நாமும் சுமக்கக்கூடாதிருந்த நுகத்தைச் சீஷர்களின் கழுத்தில் சுமத்தலாமா என்று கேட்பவர் இதே பேதுருதான் என்பது எனக்குப் பெரும் ஆறுதல்.

நகையை விலக்கச் சொல்வோர் 1 பேதுரு 3:3ஐக் காட்டுகிறார்கள். அந்த வசனம் மயிர் பின்னுவதையும் உயர்ந்த வஸ்திரங்களையும் சேர்த்தே சொல்கிறது. ஆனால், பின்னலுக்காக யாருக்கும் ஞானஸ்நானம் மறுக்கப்பட்டதாக நான் அறியேன். புறத்தோற்றத்தைவிட இருதயத்தில் மறைந்திருக்கும் குணமே மேலானது என்ற அறிவுரையைச் சட்டமாக்கியவர்கள் நாம்தான்.

சட்டம் இல்லையென்றால் மனம்போன போக்கில் வாழ்வார்கள் என்ற அச்சம் பவுலுக்கும் தெரிந்ததே. அதனால்தான், சுயாதீனத்தை மாம்சத்திற்கு ஏதுவாக்காமல் அன்பினாலே ஒருவருக்கொருவர் ஊழியஞ்செய்யுங்கள் என்று அதே நிருபத்தில் எழுதினார். நற்கிரியைகள் விசுவாசத்திலிருந்து விளையும் கனிகள். உள்ளே நுழையக் கொடுக்கும் கட்டணம் அல்ல. இதே கேள்வியில் 16ஆம் நூற்றாண்டு முதல் பிரிந்திருந்த லுத்தரன், ரோமன் கத்தோலிக்கத் திருச்சபைகளே, 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கையெழுத்திட்ட கூட்டறிக்கையில், நம் தகுதியால் அல்ல, கிருபையினாலேயே கடவுள் நம்மை ஏற்கிறார் என்று ஒன்றாக அறிக்கையிட்டன.

சபைப் போதகர்களும் மூப்பர்களும் கலாத்தியர் நிருபத்தின் ஆறு அதிகாரங்களையும் ஒரே அமர்வில் வாசித்து, இந்த நிபந்தனையை மறுபரிசீலனை செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். மாதத்தின் முதல் ஞாயிறன்று, அப்பமும் பாத்திரமும் தன்னைக் கடந்து செல்லும்போது அந்தப் பெண் தலைகுனிந்தே அமர்ந்திருக்கிறார்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பாளையங்கோட்டை.