கண்புரை ஆபரேஷன் சொட்டு மருந்து வாங்குகிறவர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கண்புரை ஆபரேஷன் முடிந்து சீட்டோடு வருகிறவர்களில் பலர் கேட்பது ஒன்றுதான்: "கிருமி தொத்தாம இருக்க இன்னும் பவரா ஒரு ஆன்டிபயாட்டிக் சேர்த்துக் கொடுங்க." கூட்டத்துக்கு நடுவே நின்று சொல்லி முடிக்கிற பதில் இல்லை. அதனால் எழுதித் தருகிறோம்.

ஆபரேஷனுக்குப் பின் கண்ணுக்குள் சீழ் பிடிப்பது அரிது. ஆனால் வந்துவிட்டால் ஓரிரு நாளில் பார்வையையே கொண்டுபோய்விடும். பெரும்பாலும் அந்தக் கிருமி நம் இமை ஓரத்திலும் இமைமுடி அடியிலும் எப்போதும் குடியிருப்பதுதான். கீறிய இடம் வழியாக உள்ளே போகிறது. கத்தி படுவதற்கு முன்பே 5 சதவீத போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினியைக் கண்ணில் விட்டுச் சில நிமிடம் வைத்திருப்பது இதற்காகத்தான். லேசாக எரியும், ஆனால் அதைவிட முக்கியமான தடுப்பு வேறில்லை.

அடுத்த தடுப்பும் தியேட்டரிலேயே நடந்துவிடுகிறது. லென்ஸ் வைத்து முடித்ததும் 0.1 மில்லி ஆன்டிபயாட்டிக்கை நேரே கண்ணுக்குள் செலுத்துகிறார்கள். ஐரோப்பாவில் செஃபுராக்சிம் 1 மில்லிகிராம். அங்கே 2007-ல் வெளியான பெரிய ஆய்வில், இதைப் போடாதவர்களுக்குத் தொற்று ஏறக்குறைய ஐந்து மடங்கு. இங்கே பரவலாகப் போடுவது மாக்ஸிஃப்ளாக்சசின். அரவிந்த் கண் மருத்துவமனைகள் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆபரேஷன்களை அலசி 2017-ல் தந்த கணக்கில், 10,000 பேருக்கு 7 என்றிருந்த தொற்று இந்த ஊசிக்குப் பின் 2 ஆனது. எனவே பெரும்பகுதி வேலை நீங்கள் எங்களிடம் வருமுன்பே முடிந்துவிட்டது. சீட்டில் இல்லாத மாத்திரையும் இன்னொரு சொட்டு மருந்தும் கேட்டாலும் தரமாட்டோம், வருத்தப்பட வேண்டாம்.

வீட்டில் விடுகிற சொட்டு, கீறல் மூடுகிற நாட்களுக்கான காவல். பெரும்பாலான சீட்டுகளில் இரண்டு மருந்து இருக்கும். ஒன்று ஆன்டிபயாட்டிக், வழக்கமாக மாக்ஸிஃப்ளாக்சசின் 0.5 சதவீதம். மற்றது வீக்கத்துக்கான ஸ்டீராய்டு. இரண்டையும் ஒரே மாதிரி நடத்துவதுதான் நாங்கள் அதிகம் பார்க்கும் தவறு. ஸ்டீராய்டை ஒரு நாளில் எத்தனை தடவை விடுவது என்பதை, மருத்துவர்கள் வாரத்துக்கு ஒரு தடவையாகக் குறைத்துக்கொண்டே வருவார்கள். சட்டென்று நிறுத்தினால் வீக்கம் திரும்பும், சொன்ன நாளைத் தாண்டி விட்டால் கண் அழுத்தம் ஏறும். ஆன்டிபயாட்டிக்கை அப்படிக் குறைக்கக் கூடாது. சொன்ன நாள் வரை முழு அளவு, பிறகு ஒரேயடியாக நிறுத்தம். நாளைக்கு ஒன்று, இரண்டு என்று இழுத்தால் கிருமி சாகாமல் மருந்துக்குப் பழகிவிடும். இரண்டும் கலந்த ஒரே புட்டியை எழுதியிருந்தால் எப்படி நிறுத்துவது என்பதை மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி புட்டி. சிலவற்றின் நுனியில் துளை இருக்காது. ஊக்கு, ஊசி எதையும் எடுக்காதீர்கள். மூடியின் உட்புறம் ஒரு சிறு முள் இருக்கிறது. மூடியை வலமாக இறுக்கித் திருகினால் அதுவே துளைக்கும். ஊக்கால் குத்தினால் கிருமியும் சேர்ந்து போகும், துளை பெரிதாகி மருந்து கொட்டும். பால் போல் வெளுத்த ஸ்டீராய்டு அடியில் படிந்துவிடும். ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்கிவிட்டு விடுங்கள், இல்லையென்றால் மேலே நிற்கும் தண்ணீர்தான் கண்ணுக்குப் போகும்.

சோப்புப் போட்டுக் கை கழுவி, கீழிமையை இழுத்து, ஒரு சொட்டு. ஒன்றே போதும், இரண்டாவது கன்னத்தில்தான் வழியும். நுனி இமைமுடியில் பட்டால் அங்குள்ள கிருமி புட்டிக்குள் போய்விடும். மூக்கோரத்தில் கண் முனையை ஒரு நிமிடம் மெல்ல அழுத்துங்கள், கண்ணின் மேல் கை படாமல். அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிடம் இடைவெளி. திறந்த தேதியைப் புட்டியில் எழுதுங்கள். ஒரு மாதத்தில் தூக்கிப்போடுங்கள். பக்கத்து வீட்டில் மிச்சமிருந்தது வேண்டாம். விளக்கெண்ணெய், தாய்ப்பால், பன்னீர், தேன் எதுவுமே வேண்டாம். குழாய்த் தண்ணீரும் அந்தக் கண்ணில் படக் கூடாது.

ஒன்றை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். முதல் சில நாள் உறுத்தலும் கண்ணீரும் இயல்பு, அது நாளுக்கு நாள் குறைய வேண்டும். தெளிந்து வந்த பார்வை மங்கினால், வலியும் சிவப்பும் கூடினால், குறிப்பாக முதல் வாரத்தில், கடைக்கு வராதீர்கள், உள்ளே சீழ் பிடித்திருக்கலாம். எந்தச் சொட்டு மருந்தும் கண்ணின் பின்பகுதிக்குப் போதுமான அளவு போய்ச் சேராது. அங்கே வான்கோமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக்கை ஊசியாக உள்ளேயே செலுத்த வேண்டும், அதுவும் சில மணி நேரத்துக்குள். ராத்திரியானாலும் ஞாயிறானாலும் ஆபரேஷன் செய்த மருத்துவமனைக்கே போங்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் அவசர எண் இருக்கும். லைன் கிடைக்கவில்லை என்றால் எங்களைக் கூப்பிடுங்கள், நாங்கள் பேசித் தருகிறோம்.

அன்புடன்,
உங்கள் மருந்துக்கடையினர்