ஒரே 'தள்ளுபடி', இரண்டு பொருள்: வங்கிச் செய்தித் தமிழும் போட்டித் தேர்வர்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொதுத்துறை வங்கி ஒன்றில் முப்பத்து நான்கு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். குடிமைப் பணித் தேர்வுக்கும் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தொகுதித் தேர்வுகளுக்கும் ஆயத்தமாகும் இளைஞர்களுக்கு, எங்கள் ஊர் நூலகத்தின் மாடியில் வாரம் மூன்று மாலை பொருளாதாரமும் வங்கியியலும் சொல்லிக் கொடுத்து வருகிறேன். அவர்களுள் பெரும்பாலோர் தமிழ்வழியில் படித்தவர்கள். பாடநூலைக் காட்டிலும் நாளிதழையே நம்பிப் படிக்கிறார்கள். வணிகப் பக்கத்தைக் கத்தரித்து நோட்டில் ஒட்டி, அடிக்கோடிட்டு, மனப்பாடம் செய்கிறார்கள். எனவே நாளிதழ் எந்தச் சொல்லை ஆள்கிறதோ அந்தச் சொல்லின் வழியாகவே அவர்களுக்குப் பொருளாதாரம் புரிகிறது. சொல் பிசகினால் புரிதலும் பிசகுகிறது. அப்படிப் பிசகும் சில சொற்களைச் சுட்டிக்காட்டவே இக்கடிதத்தை எழுதுகிறேன். தங்கள் நாளிதழை மட்டும் குறை கூறுவதாகக் கொள்ள வேண்டாம். தமிழ் நாளிதழ்கள் அனைத்துக்கும் பொதுவான வழக்கம் இது.

அண்மையில் வகுப்பில் ஒரு மாணவி எழுந்து, "ஐயா, எங்க அப்பா கூட்டுறவுச் சங்கத்துல வாங்கின பயிர்க்கடனையும் தள்ளுபடி செஞ்சாங்க, பெரிய கம்பெனிகளோட கடனையும் பேங்க்ல தள்ளுபடி செஞ்சுட்டாங்கன்னு பேப்பர்ல போட்டிருக்கு. ரெண்டும் ஒண்ணுதானே?" என்று கேட்டார். கேள்வி நியாயமானது. பேப்பரில் இரண்டுக்கும் ஒரே சொல் இருக்கும்போது அவர் வேறு எப்படி எண்ணுவார்? ஆனால் இரண்டும் ஒன்றல்ல. 2021 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு, கூட்டுறவு நிறுவனங்களில் 16.43 லட்சம் விவசாயிகள் பெற்றிருந்த 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. அங்கே கடன் வாங்கியவரின் பொறுப்பு அன்றோடு தீர்ந்தது; கடன் கொடுத்த சங்கத்துக்கு ஏற்படும் இழப்பை அரசின் கருவூலம் ஈடுசெய்ய வேண்டியதாயிற்று. 2008-இல் மத்திய அரசு அறிவித்த வேளாண் கடன் தள்ளுபடியும் அந்த வகையே.

வங்கி தன் கணக்கிலிருந்து ஒரு வாராக் கடனை நீக்குவது முற்றிலும் வேறு நடவடிக்கை. அசலோ வட்டியோ 90 நாட்களுக்கு மேல் நிலுவையில் நின்றால் அக்கடன் வாராக் கடனாகிறது. அதன்பின் ஆண்டு ஏற ஏற, அந்தக் கடன் திரும்பாமல் போகக்கூடும் என்று கருதி, வங்கி தன் இலாபத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஒரு தொகையை ஒதுக்கி வைத்துக்கொண்டே வருகிறது. நான்கு ஆண்டுகள் கடந்து, கடன் தொகை முழுவதற்கும் ஒதுக்கீடு செய்து முடித்த பின்னும் அதை ஐந்தொகையில், அதாவது வங்கியின் சொத்தையும் பொறுப்பையும் காட்டும் கணக்கறிக்கையில், சொத்தாகக் காட்டிக்கொண்டிருப்பதில் பொருளில்லை என்பதால் கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். கடன் வாங்கியவரின் பொறுப்பு அப்படியே இருக்கிறது. அடமானச் சொத்தை ஏலம் விடுவதும், கடன் வசூல் தீர்ப்பாயத்தில் வழக்கு நடத்துவதும், 2016-ஆம் ஆண்டு திவால் சட்டத்தின்கீழ் நிறுவனத்தைக் கொண்டு நிறுத்துவதும் தொடரலாம். இவ்வாறு நீக்கிய கடன்களில் பின்னாளில் வசூலாவது சிறு பங்குதான் என்பதை வங்கியில் இருந்தவன் என்ற முறையில் நான் மறைக்க விரும்பவில்லை. அந்தத் தொகைகள் ஏன் வராமல் போயின என்று கடுமையாகவே கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் தேர்வறையில் உட்காரும் பிள்ளைக்கு முதலில் தேவைப்படுவது இரண்டும் வெவ்வேறு என்ற தெளிவு. முன்னதைத் 'தள்ளுபடி' என்றும் பின்னதைக் 'கணக்கு நீக்கம்' என்றும் எழுதினால் பாதிக் குழப்பம் தீரும்.

இதே இடத்தில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 90 நாள் விதி பயிர்க்கடனுக்குப் பொருந்தாது. நெல் போன்ற குறுகிய காலப் பயிருக்குக் கொடுத்த கடன், இரண்டு சாகுபடிப் பருவங்கள் கடந்தும் நிலுவையில் இருந்தால்தான் வாராக் கடனாகும். எங்கள் டெல்டாப் பகுதிப் பிள்ளைகள் பலருக்கு இது தெரிவதில்லை என்பது எனக்கு எப்போதும் வியப்பு; அவர்கள் வீட்டுப் பத்திரம் இருக்கும் வங்கியின் விதி அல்லவா இது!

அடுத்தது 'நிதிக் கொள்கைக் குழு' என்ற சொல். இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை அறிவிக்கும்போதெல்லாம் செய்தித் தலைப்பில் இச்சொல் வருகிறது. பொருளாதாரப் பாடத்திலோ நிதிக் கொள்கை என்பது அரசின் வரி, செலவு, கடன் ஆகியவற்றைப் பற்றியது. அதைப் பட்ஜெட் வழியாக நிதியமைச்சர் முன்வைக்கிறார். சட்டமன்றமோ நாடாளுமன்றமோ ஒப்புதல் அளிக்கிறது. வரவை மிஞ்சிய செலவால் நேரும் பற்றாக்குறைக்குக் கடிவாளம் போடுவதற்காகத்தான் 2003-இல் நிதிப் பொறுப்புச் சட்டம் வந்தது. ரிசர்வ் வங்கி நடத்துவது பணவியல் கொள்கை. நாட்டில் புழங்கும் பணத்தின் அளவையும் அதன் விலையாகிய வட்டியையும் ஆள்வது அதன் வேலை. 2016-இல் ரிசர்வ் வங்கிச் சட்டத்தைத் திருத்தி அமைத்த பணவியல் கொள்கைக் குழுவில் ஆறு பேர் உள்ளனர். மூவர் ரிசர்வ் வங்கியைச் சேர்ந்தவர்கள். மற்ற மூவரை மத்திய அரசு நியமிக்கிறது. வாக்குகள் சமமானால் ரிசர்வ் வங்கி ஆளுநருக்கு இரண்டாவது வாக்கு உண்டு. பணவீக்கத்தை 4 சதவீதத்தில், மேலும் கீழும் 2 சதவீதப் புள்ளி வரம்புக்குள் வைத்திருப்பது அக்குழுவின் கடமை. தொடர்ந்து மூன்று காலாண்டுகள் சராசரிப் பணவீக்கம் வரம்பை மீறினால், ஏன் மீறியது, எப்போது சரியாகும் என்று அரசுக்கு ரிசர்வ் வங்கி எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும். 2022-இல் முதன்முறையாக அப்படி எழுத நேர்ந்தது. இந்த ஏற்பாட்டையெல்லாம் விரிவாகப் படித்த மாணவர் ஒருவர், 'ரெப்போ விகிதத்தை முடிவு செய்வது யார்?' என்ற என் மாதிரித் தேர்வு வினாவுக்கு 'நிதியமைச்சகம்' என்று குறித்தார். காரணம் கேட்டேன். "நிதிக் கொள்கைன்னு தானே சார் வருது" என்றார்.

ரெப்போவுக்கு நாம் தரும் விளக்கமும் முழுமையானதன்று. 'வங்கிகள் ரிசர்வ் வங்கியிடம் வாங்கும் கடனுக்கான வட்டி' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். அப்படியானால் அதற்கும், பத்திரத்தை விற்று மீட்கும் ஒப்பந்தம் இல்லாமல் ரிசர்வ் வங்கி தரும் கடனுக்கான வட்டியாகிய வங்கி விகிதத்துக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால் வகுப்பே மௌனமாகிவிடுகிறது. ரெப்போ என்பது, அரசு கடன் திரட்ட வெளியிடும் அரசுப் பத்திரத்தை இன்று விற்று, குறித்த நாளில் குறித்த விலைக்குத் திரும்ப வாங்கிக்கொள்வதாகச் செய்யும் ஒப்பந்தம். விற்ற விலைக்கும் மீட்கும் விலைக்கும் இடையிலான வேறுபாடே வட்டி. கையில் பத்திரம் இல்லாத வங்கி ரெப்போவின் வாசலை மிதிக்க முடியாது. இதைச் சொன்னவுடன் ரொக்க இருப்பு விகிதமும் சட்டபூர்வ நீர்மை விகிதமும் பிள்ளைகளுக்கு எளிதாகின்றன. முன்னது வைப்புத்தொகையில் ஒரு பங்கை ரிசர்வ் வங்கியிடமே ரொக்கமாக விட்டு வைப்பது. அதற்கு வட்டி கிடையாது. பின்னது ரொக்கமாகவோ தங்கமாகவோ அரசுப் பத்திரமாகவோ வங்கி தன்னிடமே வைத்திருப்பது. பத்திரத்துக்கு வட்டி வரும். இந்த இரண்டாவது விகிதத்துக்குத் தமிழ்ப் பெயர் நூலுக்கு நூல் மாறுவது தனி வேதனை.

எண்களை மனப்பாடம் செய்யும் பழக்கத்தையும் நாளிதழ்களின் போட்டித் தேர்வுப் பகுதிகளே வளர்க்கின்றன. 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 6.50 சதவீதமாக இருந்த ரெப்போ விகிதம், பிப்ரவரியில் 6.25, ஏப்ரலில் 6.00, ஜூனில் 5.50, டிசம்பரில் 5.25 என்று ஓராண்டுக்குள் நான்கு முறை மாறியது. ஜனவரியில் அச்சான 'ஒரு வரி வினா விடை' ஏப்ரலுக்குள் இரண்டு முறை பழையதாகிவிட்டது. குடிமைப் பணித் தேர்வை நடத்தும் மத்தியத் தேர்வாணையமோ எண்ணைக் கேட்பதைவிட, பணம் எந்தத் திசையில் நகர்கிறது என்பதையே கேட்கிறது. 2022 முதல்நிலைத் தேர்வில் மூன்று கூற்றுகள் தந்தார்கள்: பணவீக்கம் மிகுந்தால் ரிசர்வ் வங்கி அரசுப் பத்திரங்களை வாங்கக்கூடும், ரூபாய் வேகமாகச் சரிந்தால் டாலரை விற்கக்கூடும், அமெரிக்காவிலோ ஐரோப்பிய ஒன்றியத்திலோ வட்டி விகிதம் குறைந்தால் டாலரை வாங்க முற்படக்கூடும். முதலாவது தவறு. பத்திரத்தை வாங்கினால் அதற்கு ஈடான ரூபாய் சந்தைக்குள் இறங்கும். விலையேற்றத்தின்போது வேண்டியது பணத்தை உறிஞ்சுவது, எனவே விற்கத்தான் செய்யும். மற்ற இரண்டும் சரி. அங்கே வட்டி குறைந்தால் முதலீடு இங்கே திரும்பி வரும், ரூபாயின் மதிப்பு ஏறும், அந்த ஏற்றம் ஏற்றுமதியாளரைப் பாதிக்காதபடி ரிசர்வ் வங்கி டாலரை வாங்கும். இதில் மனப்பாடம் செய்ய ஒரு எண்கூட இல்லை.

2020 தேர்வில் வந்த வினா எனக்கு இன்னும் பிடிக்கும். கேட்டவுடன் பணம் எடுக்கக்கூடிய உங்கள் கேட்பு வைப்புக் கணக்கிலிருந்து ஒரு லட்சம் ரூபாயை ரொக்கமாக எடுத்தால், நாட்டின் மொத்தப் பண அளிப்பில் உடனடியாக என்ன மாற்றம் நேரும் என்று கேட்டிருந்தார்கள். என் வகுப்பில் எப்போது கேட்டாலும் பாதிப் பேர் 'கூடும்' என்கிறார்கள். பணம் வெளியே வந்துவிட்டதாம்! மாற்றம் ஏதுமில்லை என்பதே விடை. மக்கள் கையில் உள்ள ரொக்கமும் பண அளிப்பில் சேரும். வங்கியில் உள்ள கேட்பு வைப்பும் அதில் சேரும். ஒன்றில் ஒரு லட்சம் குறைந்து மற்றொன்றில் ஒரு லட்சம் ஏறியது, அவ்வளவே. 'உடனடியாக' என்ற சொல்லைத் தேர்வாணையம் சும்மா போடவில்லை. வங்கியின் கையிருப்பு ஒரு லட்சம் குறைந்துவிட்டதால் அதை வைத்துக் கொடுத்திருக்கக்கூடிய கடனும், அந்தக் கடன் இன்னொரு கணக்கில் வைப்பாகி மீண்டும் கடனாகும் சுழற்சியும் பின்னர் சுருங்கும். கல்லாவில் உட்கார்ந்து ஆயிரக்கணக்கான முறை பணத்தை எண்ணிக் கொடுத்த எனக்கே, கற்பிக்கத் தொடங்கிய பிறகுதான் இதன் முழு அழகு விளங்கிற்று.

'பணவீக்கம் குறைந்தது' என்ற தலைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதைப் படிப்பவர் விலைவாசி இறங்கிவிட்டதாகவே எடுத்துக்கொள்கிறார். 100 ரூபாய்ப் பொருள் ஓராண்டில் 6 சதவீதம் ஏறி 106 ரூபாயாகிறது. அடுத்த ஆண்டு 4 சதவீதம் ஏறி 110 ரூபாய் 24 காசாகிறது. பணவீக்கம் குறைந்திருக்கிறது, விலை குறையவில்லை, ஏறும் வேகம்தான் தணிந்திருக்கிறது. விலைமட்டமே கீழிறங்குவது பணவாட்டம். 2025 அக்டோபரில் நுகர்வோர் விலைக் குறியீட்டின்படியான பணவீக்கம் 0.25 சதவீதம் என்ற மிகத் தாழ்ந்த அளவுக்கு வந்தபோதுகூட, முந்தைய ஆண்டின் அதே மாதத்தை விடப் பொதுவிலை மட்டம் ஒரு துளி உயர்ந்தே இருந்தது. காய்கறி போன்ற உணவுப்பொருட்களின் விலை அப்போது இறங்கியிருந்தது உண்மை. மற்றவை ஏறி அதைச் சரிக்கட்டிவிட்டன.

சதவீதமும் சதவீதப் புள்ளியும் கலந்து எழுதப்படுவது இதைவிடச் சிறிய தவறுதான், ஆனால் கணக்குப் போடும் தேர்வருக்குப் பெரிது. 6.50-இலிருந்து 6.25-க்கு இறங்குவது 0.25 சதவீதப் புள்ளி. சதவீதக் கணக்கில் அது ஏறத்தாழ 3.85 சதவீதக் குறைவு. ஒரு சதவீதப் புள்ளியில் நூறில் ஒரு பங்கு ஓர் அடிப்படைப் புள்ளி; '25 அடிப்படைப் புள்ளிகள்' என்று எழுதிவிட்டால் சிக்கலே இல்லை.

சொற்களைப் பற்றி இத்தனை பிடிவாதம் எதற்கு என்று தாங்கள் கேட்கலாம். தமிழ்நாட்டுத் தேர்வாணையத்தின் வினாத்தாள் தமிழிலும் ஆங்கிலத்திலும் அமைகிறது. சொல் விளங்காவிட்டால் பக்கத்து மொழியைப் பார்த்துக்கொள்ளலாம். மத்தியத் தேர்வாணையத்தின் முதல்நிலைத் தேர்வு வினாத்தாளோ ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகிறது. முதன்மைத் தேர்வை ஒருவர் தமிழில் எழுதலாம், ஆனால் வினாவைத் தமிழில் படிக்க முடியாது. தமிழில் கற்ற பிள்ளை, அந்த அறையில் ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லுக்கும் தன் மனத்தில் உள்ள தமிழ்ச் சொல்லைத் தேடுகிறார். இரண்டு ஆங்கிலச் சொற்களுக்கு ஒரே தமிழ்ச் சொல் அகப்பட்டால் அங்கேயே தடுமாறி, தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண்ணையும் கூடுதலாக இழக்கிறார்.

ஆகவே என் வேண்டுகோள் சிறியது. பணவியல் கொள்கை, நிதிக் கொள்கை. தள்ளுபடி, கணக்கு நீக்கம். பணவீக்கத் தணிவு, பணவாட்டம். சதவீதம், சதவீதப் புள்ளி ஆகிய இந்த நான்கு இணைகளையாவது தங்கள் செய்திப் பிரிவு ஒரே சீராக ஆள வேண்டும். போட்டித் தேர்வுப் பகுதியில் விகித எண்களின் பட்டியலுக்குப் பதிலாக, ஒரு முடிவினால் பணம் யாரிடமிருந்து யாரிடம் போகிறது என்பதை விளக்கும் ஒரு பத்தி வாரந்தோறும் வந்தால் போதும். வேண்டுமானால் அந்தப் பத்தியை எழுதித் தர, ஊதியம் எதுவும் எதிர்பாராமல், நானே ஆயத்தமாக இருக்கிறேன். அடுத்த முறை ரெப்போ விகிதம் அறிவிக்கப்படும் மறுநாள் காலை, எங்கள் வகுப்பில் தங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தைத்தான் முதலில் விரிப்போம்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற வங்கி மேலாளர்,
கும்பகோணம்.