செயலாளரின் ஆண்டறிக்கை 2025–26: விமானிகளின் ஓய்வு வயது பற்றி நாம் பேசியதும் எழுதியதும்

தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், வெயிலைப் பார்க்காமல் வந்திருக்கும் பெரியவர்கள், அம்மணிகள் எல்லாருக்கும் வணக்கங்க.

வழக்கமான வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் தடையில்லாமல் நடந்தன. நவம்பரில் வாழ்நாள் சான்றிதழ் முகாம் வைத்தோம், கைரேகை பதியாதவர்களுக்கு முகத்தைப் படம் பிடித்தே முடித்துக் கொடுத்தார்கள். கண் பரிசோதனை முகாமும் நடந்தது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

மீதி நேரம் முழுக்க ஒரே விஷயத்துக்குத்தான். இந்த வருஷம் நாம் அதிகம் பேசியதும், தீர்மானம் போட்டு டெல்லிக்குக் கடிதம் அனுப்பியதும் அதைப் பற்றித்தானே.

ஆகஸ்டில் ஏர் இந்தியா தன் விமானிகளின் ஓய்வு வயதை 58-லிருந்து 65 ஆக்கியது என்று செய்தி வந்தது. பீளமேட்டுப் பக்கம் குடியிருக்கிற நமக்கு விமானம் தினமும் தலைக்கு மேலே போகிற சங்கதி. அதோடு 58 என்ற எண்ணைக் கேட்டதும் நம்மில் பலருக்குச் சுருக்கென்றது. மாநில அரசு ஊழியர்களுக்கு 2020-இல் 59, 2021-இல் 60 என்று ஏற்றினார்களே, அதற்குக் கொஞ்சம் முன்னால் மாலை போட்டு அனுப்பப்பட்டவர்கள் இந்த அறையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள்.

அந்த மாதக் கூட்டத்தில் நம் உறுப்பினர் ஒருவர் எழுந்து, "ஏனுங்க, 65 வயசுல நமக்குப் பேப்பர் படிக்கவே கண்ணாடி வேணும், அவிங்க எப்படிங்க அத்தனை பேரை வெச்சுக்கிட்டு எறக்குவாங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. சூலூர் விமானப்படைத் தளத்தின் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நம் உறுப்பினர் அதற்கு அடுத்த மாதம் விரிவாகப் பதில் சொன்னார். கண்ணாடி போடுவது தடையே இல்லை, போட்டால் பார்வை சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். 60 தாண்டிய விமானி ஆறு மாதத்துக்கு ஒரு முறை மருத்துவப் பரிசோதனையில் தேற வேண்டும். வருஷத்தில் இரண்டு முறை தேர்வாளர் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும், பெரும்பாலும் சிமுலேட்டர் என்ற மாதிரி விமான அறையில்தான், எஞ்சின் தீப்பிடிப்பது, பாதி ஏறும்போது ஒரு எஞ்சின் நின்றுபோவது எல்லாம் அங்கே வைத்துப் பார்ப்பார்கள். ஒரு விமானி அடுத்த ஓராண்டுக்குள் திடீரென்று மயங்கியோ மாரடைப்பிலோ செயலற்றுப் போகும் வாய்ப்பு நூற்றில் ஒன்றைத் தாண்டக் கூடாது என்பது விமான மருத்துவர்கள் பல நாடுகளில் வைத்திருக்கும் கணக்கு. அப்படியும் நடந்துவிட்டால் பக்கத்து இருக்கையில் இன்னொருவர் இருக்கிறார். 2009 ஜூனில் பிரஸ்ஸல்ஸிலிருந்து நியூவார்க் போன விமானத்தில் 60 வயது கேப்டன் நடுவானில் இறந்தே போனார், மற்ற விமானிகள் பத்திரமாக இறக்கினார்கள். அதே ஆண்டு ஜனவரியில் இரண்டு எஞ்சினும் நின்றுபோன விமானத்தை ஹட்சன் ஆற்றில் இறக்கி 155 பேரையும் காப்பாற்றிய சல்லன்பெர்கருக்கு வயது 57. ஏர் இந்தியாவின் பழைய விதிப்படி அவருக்கு இன்னும் சில நாள்தான் பாக்கி இருந்திருக்கும். இதைக் கேட்டபோது கூட்டம் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

எனக்கு மனசு ஆறாதது, அமெரிக்காவில் விமானிகளுக்கு 60 என்ற வயது வரம்பு பிறந்த கதைதான். 1959-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தலைவர் சி.ஆர். ஸ்மித், தன் மூத்த விமானிகளைக் கட்டாயமாக ஓய்வில் அனுப்ப முடியாமல் தொழிற்சங்கத்தோடு தகராறில் இருந்தார். அங்கே விமானத் துறையின் பொறுப்பில் இருந்த கெசாடாவுக்குக் கடிதம் எழுதினார். 1960 மார்ச்சில் விதி நடைமுறைக்கு வந்தது. பதவியை விட்டு இறங்கிய கெசாடா அதே நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் போய்ச் சேர்ந்தார். அப்படி வந்த விதி அமெரிக்காவில் 2007 டிசம்பர் வரை நின்றது, எத்தனை நல்ல விமானிகள் அதில் வீட்டுக்குப் போயிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோ 2006-இல்தான் 65 ஆக்கியது, அதுவும் பக்கத்தில் இருப்பவர் 60-க்குக் கீழே இருக்க வேண்டும் என்று. 2014-இல் அந்த நிபந்தனையை எடுத்தார்கள்.

சரி, இப்போது அதை 67 ஆக்கலாமா என்ற பேச்சு. ஜப்பான் 2015 முதலே உள்நாட்டு விதியில் 67 வைத்திருக்கிறது. அமெரிக்காவில் 2023-இல் கீழவை 67-க்கு ஒப்புக்கொண்டது, 2024-இல் நிறைவேறிய சட்டத்தில் அது இல்லை. சென்ற செப்டம்பர் இறுதியில் மான்ட்ரியலில் கூடிய ஐகாவோ பேரவையில், ஒருவர் 65-க்குக் கீழே இருந்தால் இன்னொருவர் 67 வரை பறக்கலாம் என்று விமான நிறுவனங்களின் கூட்டமைப்பான ஐயாட்டா கேட்டது, அதுவும் ஏற்கப்படவில்லை. ஒரு நாடு மட்டும் ஏற்றினால் என்ன ஆகும் என்பதை நம்மூர்க் கணக்கில் சொல்கிறேன்: 66 வயது கேப்டன் கோவையிலிருந்து சென்னைக்கு ஓட்டலாம், ஐகாவோவின் 65 வரம்பு இருப்பதால் சிங்கப்பூருக்கோ ஷார்ஜாவுக்கோ ஓட்ட முடியாது. பெரிய விமானம் ஓட்டியவரைச் சின்ன விமானத்துக்கு மாற்ற மறுபடி பயிற்சி, அவருக்காக இன்னொருவர் இடம் மாறணும், இப்படியே சங்கிலியாகப் போகும். அமெரிக்க விமானிகள் சங்கம் எதிர்த்ததற்கு முக்கியக் காரணம் இதுவே.

இன்னொரு பக்கமும் நம் சங்கத்துக்குள்ளேயே இருக்கிறது. உறுப்பினர் ஒருவரின் பேரன், தோட்டத்தை அடகு வைத்த பணத்தில் பயிற்சி முடித்து, லைசென்ஸ் கையில் வைத்துக்கொண்டு வேலைக்குக் காத்திருக்கிறான். நம் நாட்டில் பற்றாக்குறை அனுபவமுள்ள கேப்டன்களுக்குத்தான், புதுசாக லைசென்ஸ் வாங்கியவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். மேலே ஒருவர் நகர்ந்தால்தான் கீழே ஒரு துணை விமானி ஏற முடியும். "பெரியவிங்க நாங்க போய் அவன் சோத்துல கை வெக்கறதாங்க?" என்று அந்த அப்பிச்சி கேட்டபோது ஆளாளுக்குப் பேச ஆரம்பித்து, கூட்டத்தை ஒழுங்குக்குக் கொண்டுவரத் தலைவர் படாத பாடு பட்டார்.

அப்புறம் டிசம்பர் வந்தது. விமானிகளின் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக்கி, இரவு நேரத் தரையிறக்கங்களைக் குறைத்த புது விதிக்குத் தயாராகாத ஒரு பெரிய நிறுவனத்தின் விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாயின. நம் வீட்டுக் கல்யாணத்துக்கு வரவேண்டிய ஒறம்பரைகள் டெல்லியில் கிடந்தார்கள். அப்போது சிலர், கேப்டன்களுக்கு வயதைக் கூட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று பேசினார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை, கூட்டத்திலும் சொன்னேன். ஆள் எடுக்காமல், ஓய்வு கொடுக்காமல் ஓட்டிவிட்டு, அந்தக் குறையை 66 வயதுக்காரரின் தலையில் கட்டுவது அவருக்கும் ஆகாது, பின்னால் உட்கார்ந்திருக்கும் நமக்கும் ஆகாது.

ஜனவரிக் கூட்டத்தில் நீண்ட விவாதத்துக்குப் பிறகு தீர்மானம் நிறைவேறியது, எல்லாரும் ஒத்துக்கொள்ளவில்லை, எதிர்த்தவர்களின் கருத்தும் குறிப்பேட்டில் உள்ளது. 65 தாண்டியவரைப் பிறந்த தேதிக்காக மட்டும் நிறுத்தாமல், கடுமையான இதய, மூளைச் செயல்பாட்டுப் பரிசோதனையில் தேறினால் 67 வரை விடலாம், ஆனால் எல்லா நாடுகளும் ஐகாவோ வழியாகச் சேர்ந்து ஒத்துக்கொண்ட பிறகுதான் விடணும், ஓய்வு நேர விதியை அதற்காகத் தளர்த்தக் கூடாது, கேப்டன்களை நீட்டிக்கும் நிறுவனம் அதோடு புதியவர்களையும் துணை விமானிகளாகச் சேர்க்க வேண்டும் என்று எழுதினோம். கடிதம் விமானப் போக்குவரத்து அமைச்சகத்துக்குப் பதிவுத் தபாலில் போனது. பதில் வரவில்லை. ஏப்ரல் கூட்டம் முடிவு செய்தபடி நினைவூட்டல் அனுப்பியிருக்கிறோம், நகல் மேசையில் இருக்கிறது, எடுத்துப் பாருங்கள்.

புதிய நிர்வாகக் குழுத் தேர்தல் மதிய உணவுக்குப் பிறகு. சந்தா பாக்கி உள்ளவர்கள் அதற்கு முன்னால் கட்டிவிட்டால்தான் ஓட்டுப் போட முடியும், பொருளாளர் வாசல் பக்கமே உட்கார்ந்திருப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்