வானத்துக்கு அனுப்பும் பலூன்களை நிறுத்துங்கள்: பந்திங் வட்டார விழா ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மலேசியாவின் பந்திங், கோல லங்காட் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினர், ஆலயப் பொறுப்பாளர்கள், இளைஞர் மன்றத்தினர், கல்யாண அலங்காரம் செய்யும் தம்பி தங்கைகள் அனைவருக்கும் வணக்கம்.

உங்களிடம் ஒரு கோரிக்கை. இனி நம் வட்டாரத்தில் எந்த விழாவிலும் ஹீலியம் பலூன்களைப் பறக்கவிட வேண்டாம். காகிதக் கூட்டுக்குள் நெருப்பு வைத்து ஏற்றும் வான விளக்குகளை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்ற வேண்டாம்.

கொஞ்ச காலமாக இந்தப் பழக்கம் நம்மிடையே வேகமாகப் பரவிவிட்டது. பள்ளி விளையாட்டுப் போட்டி தொடக்கம், மாண்புமிகு கலந்துகொள்ளும் திறப்பு விழா, தேசிய தினம், கல்யாண வரவேற்பு என்று எல்லாவற்றிலும் பலூன் இருக்கிறது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. பிள்ளைகள் கைதட்டுவார்கள், படம் அழகாக வரும், அரை நிமிடத்தில் முடிந்துவிடும். அப்புறம் அது எங்கே போய் விழுகிறது என்று நாம் யாரும் பார்ப்பதில்லை.

சில பலூன்கள் பல கிலோமீட்டர் உயரம் ஏறி, குளிரில் விறைத்து வெடிக்கும். மற்றவை காற்று இறங்கி முழுசாகவே கீழே வரும். செம்பனைத் தோட்டத்துக் கால்வாயில் விழுந்தது லங்காட் ஆற்றுக்குப் போகும், ஆறு கடலுக்குக் கொண்டுபோகும். மோரிப் கடற்கரையில் அலை ஒதுக்கிய குப்பையைக் கொஞ்சம் கிளறிப் பாருங்கள். பலூனின் முடிச்சு அப்படியே இருக்கும். முடிச்சுக்குக் கீழே ரப்பர் நார்நாராகக் கிழிந்து, சாயம் வெளுத்து, தண்ணீர் பட்டால் விரிந்து நெளியும். ஜெல்லிமீன் தின்னும் கடலாமைக்கு அது இரையாகத்தான் தெரியும். முடிச்சில் கட்டிய பிளாஸ்டிக் நாடாவோ நிறம்கூட மங்காமல் கிடக்கும். ஆண்டுக் கடைசியில் வடக்கிலிருந்து வந்து நம் கடலோரச் சேற்றில் இரை தேடும் பறவைகளின் காலில் அது சுற்றிக்கொண்டால், அவிழ்த்துவிட யார் இருக்கிறார்கள்?

ஆஸ்திரேலியாவின் தாஸ்மானியா பல்கலைக்கழக ஆய்வாளர்களும் மற்றவர்களும் சேர்ந்து, செத்துப்போன 1,733 கடற்பறவைகளை ஆராய்ந்து 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். கடினமான பிளாஸ்டிக் துண்டை விழுங்கிய பறவையைவிட, பலூன் துண்டை விழுங்கிய பறவை சாவதற்கு 32 மடங்கு வாய்ப்பு அதிகம் என்று அதில் தெரியவந்தது. கடினமான துண்டு சில சமயம் குடலைக் கடந்து வெளியே போய்விடும். பலூன் மெத்தென்று நசுங்கி, அடைத்துக்கொண்டு நின்றுவிடும்.

பலூன் விற்பவர்களிடம் இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும். "இது அசல் ரப்பர் பால்ங்க, இயற்கைப் பொருள், இலை மாதிரி மக்கிப் போயிடும்." வேறு ஊரில் இந்தப் பேச்சு எடுபடலாம். நம் ஊரில் எடுபடக் கூடாது. என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். பள்ளி விடுமுறையில் அவரோடு மர நிரைக்குப் போய், மரத்திலும் கிண்ணத்திலும் உறைந்து ஒட்டிய ஒட்டுப்பாலை நானும் பொறுக்கியிருக்கிறேன். மரத்திலிருந்து இறங்கிய பால் எவ்வளவு சீக்கிரம் கெடும், ஒட்டுப்பால் மூட்டை எப்படி நாறும் என்பதெல்லாம் இந்த வட்டாரத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். பலூன் அந்தப் பால் இல்லை. கந்தகமும் வேறு இரசாயனங்களும் சாயமும் கலந்து சூடாக்கிச் செய்தது. சார்ல்ஸ் குட்இயர் 1839-இல் கண்டுபிடித்த வழி அது. வெயிலில் பிசுபிசுக்காமல், குளிரில் உடையாமல், இழுத்தால் அறுந்துபோகாமல் ரப்பர் உழைக்க வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். அந்த வழி கிடைத்த பிறகுதான் உலகத்தில் ரப்பருக்கு மவுசு வந்தது, மலாயாவில் தோட்டங்கள் வந்தன, நம் தாத்தா பாட்டிகள் கப்பலேறினார்கள். எளிதில் கெடக்கூடாது என்று பக்குவப்படுத்திய பொருளை இலையோடு சேர்த்துப் பேசுவது நியாயமில்லை. 2021-இல் வெளியான இன்னோர் ஆய்வில் பலூன்களை நல்ல தண்ணீரிலும் கடல் தண்ணீரிலும் மக்கும் உரக் குவியலிலும் 16 வாரம் போட்டுப் பார்த்தார்கள். வடிவமும் அளவும் பெரும்பாலும் அப்படியே இருந்தன. பளபளக்கும் படலத்தில் செய்த இதய வடிவ பலூன்கள் இன்னும் மோசம். அவை பிளாஸ்டிக், மக்கவே மக்காது. மேலே உலோகப் பூச்சு இருப்பதால் மின்கம்பியில் பட்டால் மின்சாரத்தையும் துண்டித்துவிடும்.

ஒரே இடத்தில் ஏராளமாக விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரம் சாட்சி. 1986 செப்டம்பர் 27 அன்று, நல்ல காரியத்துக்கு நிதி திரட்டுவதற்காக, ஏறக்குறைய 15 லட்சம் பலூன்களை ஒரே நேரத்தில் விட்டார்கள். மழையும் காற்றும் எதிர்த்து வர, பலூன்கள் கூட்டமாக இறங்கி ஈரி ஏரியின் தண்ணீரை மூடிவிட்டன. அந்த நேரத்தில் மீன்பிடிக்கப் போன இருவரைக் காணோம் என்று கடலோரக் காவல் படை தேடிக்கொண்டிருந்தது. மிதக்கும் பலூன்களுக்கு நடுவே மனிதத் தலை எது என்று அவர்களால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. இரண்டு பேரும் பிணமாகத்தான் கரை ஒதுங்கினார்கள்.

வான விளக்கைப் பற்றி இதைவிடக் கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அது யார் கட்டுப்பாட்டிலும் இல்லாத நெருப்பு. ஜெர்மனியின் கிரேஃபெல்ட் விலங்கியல் பூங்காவில் 2020 புத்தாண்டு இரவில் வான விளக்கு விழுந்து குரங்கு வீடு எரிந்தது. ஒராங் ஊத்தான், கொரில்லா உட்பட 30-க்கும் மேற்பட்ட விலங்குகள் செத்தன. இங்கிலாந்தின் ஸ்மெத்விக்கில் 2013-இல் ஒரே ஒரு விளக்கு மறுசுழற்சிக் கிடங்கில் இறங்கி ஏறக்குறைய ஒரு லட்சம் டன் பொருள் எரிந்தது. விளக்கு இறங்குவது கண்காணிப்புக் கேமராவில் பதிவாகியிருக்கிறது.

நம் நிலத்தை நினைத்துப் பாருங்கள். இந்த வட்டாரத்தில் பல இடங்களில் இருப்பது பீட் மண், அதாவது பாதி மக்கிய செடிகொடிகள் சேர்ந்து உருவான, காய்ந்தால் எரியும் மண். அதில் தீப்பிடித்தால் மேலே அணைந்தாலும் அடியில் புகைந்துகொண்டே நகரும், வாரக்கணக்கில் நீடிக்கும். தோட்டத்தில் நிரைக்கு நிரை காய்ந்த மட்டைகள் அடுக்கிக் கிடக்கின்றன. ஓராங் அஸ்லி பூர்வகுடி மக்கள் வாழும் கோல லங்காட் வடக்கு வனக் காப்பகமும் பீட் சதுப்புக் காடுதான். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை குறையும் மாதங்களில் நம் பிள்ளைகள் எத்தனை முறை புகையைச் சுவாசித்திருக்கிறார்கள்? பக்கத்து மாவட்டத்தில் கே.எல்.ஐ.ஏ. விமான நிலையம் இருக்கிறது, பறக்கும் விளக்கு விமானத்துக்கும் ஆபத்து. தாய்லாந்தின் சியாங் மாயில் விளக்குத் திருவிழா நாட்களில் விமானச் சேவைகளையே ரத்து செய்கிறார்கள், நேரம் மாற்றுகிறார்கள். சில விளக்குகளின் சட்டகம் கம்பியால் ஆனது. தோட்டத்தில் மேயும் மாடு புல்லோடு அதை விழுங்கினால், கம்பி இரைப்பையைக் குத்தி இதயம்வரை போகக்கூடும். மாடு வளர்ப்பவர்களுக்கு இது தெரியும்.

ஒரு விஷயத்தை எழுதக் கை தயங்குகிறது. சின்ன வயதில் போய்விட்ட பிள்ளைகளின் நினைவாக வெள்ளை பலூன் விடும் குடும்பங்கள் இருக்கின்றன. அந்தத் துக்கத்துக்குள் போய் யாரும் பாடம் நடத்தக் கூடாது. ஆனால் ஆலயப் பொறுப்பாளர்கள் முன்கூட்டியே, மெதுவாக, வேறு வழி காட்டலாம். கோயிலில் மோட்ச தீபம் ஏற்றுவது நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. பெயர் சொல்லி ஏற்றி, கூடியிருந்து, அழுவதற்கும் அதில் இடம் உண்டு.

பள்ளிகளுக்கு மாற்று தேடி அலைய வேண்டியதில்லை. உறுமி மேளமும் சிலம்பமும் இருக்கும்போது தொடக்க விழாவுக்கு என்ன குறை? அலங்காரத் தொழில் செய்பவர்களின் பிழைப்பில் மண் போடச் சொல்லவில்லை. பலூன் வளைவு கட்டுங்கள், தூண் கட்டுங்கள், சாதாரணக் காற்றே போதும். ஹீலியம் பூமியிலிருந்து எடுக்கும் வாயு, திரும்ப உருவாக்க முடியாதது, மருத்துவமனை எம்.ஆர்.ஐ. கருவிக்குத் தேவைப்படுவது. விழா முடிந்ததும் பலூன்களைக் குத்தி, நாடாவோடு பையில் போட்டுக் கட்டிக் குப்பையில் சேர்ப்பதையும் உங்கள் கட்டணத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்திரேலியாவில் விக்டோரியா 2021-இலும் குயின்ஸ்லாந்து 2023-இலும், அமெரிக்காவில் புளோரிடா 2024-இலும் பலூன் பறக்கவிடுவதைச் சட்டம் போட்டுத் தடுத்தன. நம் விழாக்களில் இதை நிறுத்த ஏற்பாட்டுக் குழுவில் உட்காரும் நாலு பேர் ஒத்துக்கொண்டாலே போதும்.

உங்கள் அடுத்த கூட்டத்தில் இதைப் பேசுங்கள். நிகழ்ச்சி நிரல் அச்சுக்குப் போகும் முன் 'பலூன் பறக்கவிடுதல்' என்ற வரியை அடித்துவிடுங்கள். பெற்றோருக்கு அனுப்பும் கடிதத்தில் காரணத்தையும் இரண்டு வரி எழுதுங்கள். கூப்பிட்டால் எந்தக் கூட்டத்துக்கும் வந்து பேச நான் தயார்.

அன்புடன்,
பந்திங் வாசி ஒருவர்