ஏல நோட்டீஸ் யார் கையில் சேர்கிறது?

ஆசிரியருக்கு வணக்கம்.

நாளிதழ்களில் அவ்வப்போது பக்கம் நிறைய நகை ஏல அறிவிப்பு வருகிறது. பொடி எழுத்தில் வரிசையாகக் கடன் எண்கள். அடகுச் சீட்டின் எண்ணை யார் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள்? நான் தபால்காரனாக இருந்து ஓய்வு பெற்றவன். அந்த அறிவிப்புக்கு முன்னால் வீட்டுக்குத் தபாலில் வரும் ஏல நோட்டீஸைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

அடகுப் பொருளை விற்குமுன் உரியவருக்கு நியாயமான முன்னறிவிப்பு தர வேண்டும் என்கிறது 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 176ஆம் பிரிவு. விற்று முடியும்வரை பணம் கட்டி மீட்கலாம் என்கிறது 177. சரி, அறிவிப்பு சேர்ந்ததற்கு என்ன சாட்சி? முகவரி சரியாக இருந்து, பதிவுத் தபாலில் போட்டிருந்தால் சேர்ந்துவிட்டது என்றே பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று காட்டுவது அடகு வைத்தவர் பாடு.

காலை பதினொரு மணிக்கு நாங்கள் கதவைத் தட்டும்போது நடவுக்குப் போன பெண்கள் வீட்டில் எப்படி இருப்பார்கள்? உறையில் 'டோர் லாக்டு' என்று எழுதி, கதவிடுக்கில் ஒரு சீட்டைச் செருகிவிட்டு வருவோம். சில நாள் அஞ்சலகத்தில் கிடக்கும், அப்புறம் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். நானே எத்தனையோ உறைகளில் அப்படி எழுதியிருக்கிறேன்.

கையில் வாங்கினாலும் கதை அதுதான். எங்கள் தெருவில் ஒரு அம்மா கைநாட்டு வைத்து வாங்கிய நோட்டீஸ் முழுக்க ஆங்கிலம். பேரன் வந்தால் படிக்கச் சொல்லலாம் என்று காலண்டருக்குப் பின்னால் செருகி வைத்தார். பொங்கலுக்குப் பேரன் வந்தபோது இரண்டரைப் பவுன் சங்கிலி மூழ்கிப் பதினோரு நாள் ஆகியிருந்தது.

ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட நகைக்கடன் விதிகள், கடன் வாங்கியவருக்கு வட்டார மொழியிலோ அவர் கேட்கும் மொழியிலோ எழுதச் சொல்கின்றன. ஏலத்தில் மிஞ்சிய பணத்தை 7 வேலை நாளுக்குள் கொடுக்கவும் சொல்கின்றன. நல்லது. கூடவே, திரும்பி வந்த உறையையும் அதில் எழுதிய காரணத்தையும் கடன் கோப்பில் வைக்கட்டும். அப்படித் திரும்பியிருந்தால் ஒரு ஆளை நேரில் அனுப்பிச் சொல்லிவிட்டு ஏலம் போடட்டும். வட்டி கேட்டு வீடு தேடி வரத் தெரிந்தவர்களுக்கு வழி தெரியாமலா போகும்?

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அந்த ஏலப் பக்கத்தின் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள். கண்ணாடி போட்டும் எனக்குத் தெரியவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால்காரர்,
தஞ்சாவூர் மாவட்டம்