1600 பங்கு பற்றிக் கேட்டிருந்தாய்

கண்ணு,

வாட்ஸ்அப்பில் பதில் போட்டால் நீ ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் போய்விடுவாய், அதனால் மெயிலாகவே அடிக்கிறேன். உட்கார்ந்து ரெண்டு நாள் ஆகிறது. கண்ணாடி மாற்ற வேண்டும், அது வேறு.

நீ கேட்டது ரெண்டே வரி. "என் பவர் கிரிட் ஷேர் எல்லாம் இப்ப வித்தா நல்ல விலையா? நாமினி பேர் மாத்தணும்னா என்ன பண்ணணும்?" அதற்கப்புறம் 16 நாளாகப் பேச்சு இல்லை. நான் போடுவதற்கெல்லாம் நீல டிக் விழுகிறது, அவ்வளவுதான். சரி, வேலை இருக்கும். முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன்.

பவர் கிரிட் என்பது நாடு முழுக்க மின்சாரத்தைக் கொண்டுபோகிற பெரிய லைன்களைப் போடும் மத்திய அரசுக் கம்பெனி. அந்தப் பங்கு 2013 டிசம்பரில் உன் பேருக்கு வந்தது. வெளியீட்டு விலை 90 ரூபாய், நம்மைப் போன்ற சில்லறை ஆட்களுக்கு 5 சதவீதம் தள்ளுபடி, ஆக 85 ரூபாய் 50 காசு. கேட்டது அதிகம், உன் பேருக்குக் கிடைத்தது 900. 2021இல் மூன்று பங்குக்கு ஒன்று இலவசமாக போனஸ், 1200 ஆச்சு. 2023இல் மறுபடி மூன்றுக்கு ஒன்று, 1600. இன்றைய கணக்கில் ஒரு பங்கு உனக்கு 48 ரூபாய் சொச்சத்துக்கு விழுந்திருக்கிறது. இதை நீ அடிக்கடி மறந்துவிடுகிறாய், மாப்பிள்ளையும் ஒருமுறை "அத்தை சும்மா போட்டு வைத்தது" என்று சொன்னார். சும்மா ஒன்றும் போடவில்லை.

இப்போது நல்ல விலையா என்றால், எதை வைத்து நல்லது என்கிறாய் என்று பார்க்க வேண்டும். டிவியில் வருகிறவர்கள் போன வருட லாபத்தை வைத்து பி.இ. சொல்வார்கள், அதாவது விலை ஒரு பங்கின் லாபத்தைப் போல எத்தனை மடங்கு என்று. 2024-25இல் லாபம் 15,521 கோடி, பங்குகள் 930 கோடி, ஒரு பங்குக்கு 16 ரூபாய் 70 காசு. விலையைக் கணக்குக்காக 300 என்று வைத்துக்கொள் (நீ விற்கும் அன்று என்ன விலையோ அதைப் போட்டுக்கொள்), 18 மடங்கு வரும். ஆனால் ஒரே ஒரு வருடத்தைப் பார்த்து விலை பேசக் கூடாது. பெண் பார்க்க வருகிற அன்றைக்கு யாரும் இஸ்திரி போட்ட சட்டையில்தான் வருவார்கள், அதைப் பார்த்து... சரி, அந்த உதாரணம் வேண்டாம்.

1934லேயே பெஞ்சமின் கிரஹாமும் டேவிட் டாடும், பங்கை எடைபோடுவது பற்றிப் புத்தகம் போட்ட அமெரிக்கர்கள், இதைச் சொல்லிவிட்டார்கள்: குறைந்தது 5 வருடம், முடிந்தால் 7 அல்லது 10 வருடச் சராசரி லாபத்தைப் பார் என்று. 1988இல் ஜான் கேம்ப்பெல், ராபர்ட் ஷில்லர் என்ற ரெண்டு பொருளாதார அறிஞர்கள் அதோடு பணவீக்கத்தையும் சேர்த்தார்கள். ஒவ்வொரு வருட லாபத்தையும் இன்றைய ரூபாய்க்கு மாற்றி, பத்து வருடத்துக்குச் சராசரி எடுத்து, இன்றைய விலையை அதனால் வகுப்பது. ஷில்லர் அதை அமெரிக்கச் சந்தை முழுவதுக்கும் போட்டார். தனி ஒரு கம்பெனிக்குப் போடலாமா என்றால் போடலாம், கொஞ்சம் கவனமாக.

நான் நீல டைரியில் போட்டேன். முதலில் தப்பாகப் போட்டேன், 33 வருடம் மின்வாரியத்தில் கணக்குப் பார்த்தவள் என்று சொல்லிக்கொள்ளவே வெட்கமாக இருக்கிறது. 2015-16 ஆண்டறிக்கையில் ஒரு பங்குக்கான லாபம் பதினொன்றரை ரூபாய்க்குப் பக்கம் இருந்தது, அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். ஆனால் அது போனஸுக்கு முந்தைய 523 கோடிப் பங்குக்கான கணக்கு. லாபம் 6,000 கோடி. இன்றைய 930 கோடிப் பங்குக்கு வகுத்தால் ஆறரை ரூபாய்தான். எந்தக் கம்பெனிக்குப் போட்டாலும் முதலில் போனஸைச் சரி செய்துவிடு, இல்லாவிட்டால் மொத்தமும் கோணல்.

அடுத்தது பணவீக்கம். வருமான வரிக்காரர்கள் பணவீக்கத்துக்காகப் போடும் குறியீட்டு எண் கையில் இருந்ததால் அதையே முதலில் போட்டேன். 2015-16க்கு 254, 2024-25க்கு 363. அப்புறம்தான் நினைவு வந்தது, அது விலைவாசி ஏற்றத்தில் முக்கால் பங்கை மட்டும்தான் எடுக்கும். நுகர்வோர் விலைக் குறியீடே சரி. அது அதே காலத்தில் சுமார் 125லிருந்து 193க்கு வந்திருக்கிறது. அன்றைய 100 ரூபாய் இன்றைக்கு 154. ஆக அந்த ஆறரை ரூபாய் இன்றைய பணத்தில் 10 ரூபாய்.

இப்படிப் பத்து வருடத்துக்கும் போட்டால் சராசரி பதினைந்தரை ரூபாய்க்குப் பக்கம் வருகிறது. 300ஐ வகுத்தால் பத்தொன்பதரை மடங்கு. பணவீக்கம் சேர்க்காமல் போட்டால் சராசரி பன்னிரண்டே முக்கால்தான் வரும், விலை இருபத்து மூன்று மடங்குக்கு மேலே போய்விடும், ஐயோ என்று பயந்து விற்றுவிடுவாய்.

அந்தச் சராசரியைவிட, அதற்காக எழுதின பத்து வரிசையைப் பார்த்துத்தான் எனக்குத் தூக்கம் போச்சு. இன்றைய பணத்தில் பார்த்தால் லாபம் 2021-22 வரைக்கும் ஏறிக்கொண்டே வருகிறது. அந்த ஒரு வருடம் 21 ரூபாய். அதில் சில லைன்களை அவர்கள் புதிதாக ஆரம்பித்த முதலீட்டு அறக்கட்டளைக்கு (மற்றவர்களும் பணம் போட்டு லைன் வருமானத்தில் பங்கு வாங்குகிற அமைப்பு) மாற்றி வந்த பணமும் சேர்ந்திருக்கிறது, அது வருடா வருடம் வராது. அதற்கப்புறம் 18, பதினேழரை, 16.70. அறிக்கையில் பார்த்தால் மூன்று வருடமும் பதினைந்தாயிரத்துச் சொச்சம் கோடியிலேயே நிற்கிறது, ஒன்றும் ஆகாத மாதிரி. நிற்கிற மாதிரி இருக்கும், உள்ளே இறங்கிக்கொண்டிருக்கும்.

ஏன் என்று கேட்பாய். கேட்க மாட்டாய், நானே சொல்கிறேன். இது இரும்புக் கம்பெனி மாதிரி ஒரு வருடம் கொழுத்து ஒரு வருடம் இளைக்கிற தொழில் இல்லை. மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் பங்கு முதலுக்கு, அதாவது கடன் போகக் கம்பெனி கைக்காசாகப் போட்டதுக்கு, இவ்வளவு என்று வருமானத்தை நிர்ணயித்துவிடும், 2009லிருந்து 15.5 சதவீதம். 100 கோடியில் ஒரு லைன் போட்டால் 70 கடன், 30 முதல் என்று கணக்கு. 30 கோடிக்கு 15.5 சதவீதம் 4 கோடியே 65 லட்சம். அந்த லைன் 2012இல் போட்டதாக இருந்தால் அன்றைக்கும் அதே 4.65 கோடி, இன்றைக்கும் அதே 4.65 கோடி. தக்காளி விலை ஏறியது, உப்பு விலை ஏறியது என்று ஆணையம் அந்த 30 கோடியை 50 ஆக்காது. ஆகவே புதிது புதிதாக லைன் போட்டால்தான் லாபம் ஏறும். அதிலும் 2011லிருந்து பெரும்பாலான புது லைனுக்கு ஏலம், குறைத்துக் கேட்கிறவனுக்குத்தான் கிடைக்கும். 2024க்கு அப்புறம் ஆணையத்தின் கணக்கில் வருகிற புது லைனுக்கும் 15 சதவீதம்தான்.

புகளூர் பக்கம் போகும்போது பார்த்திருப்பாயே, சத்தீஸ்கர் ராய்கரிலிருந்து 800 கிலோவோல்ட்டில் ஒரு பெரிய லைன் வந்து நிற்கிறதே, 6,000 மெகாவாட். அந்த மாதிரி ஒன்று முடிந்தால் லாபம் ஒரு படி ஏறும். அடுத்தது முடிகிற வரைக்கும் படியிலேயே உட்கார்ந்திருக்கும். இப்போது கையில் நிறைய வேலை வைத்திருக்கிறார்கள், ராஜஸ்தான் சூரிய மின்சாரத்துக்கெல்லாம் லைன் போடுகிறார்கள், இனி ஏறலாம். ஆனால் பத்து வருடக் கணக்கு நடந்ததைத்தான் சொல்லும், வரப்போவதைச் சொல்லாது.

ஆக என் அபிப்பிராயம்: மலிவும் இல்லை, கொள்ளை விலையும் இல்லை. வருடா வருடம் டிவிடெண்ட் வருகிறது. அவசரமில்லை என்றால் விற்காதே. விற்பதானால் ஒரே நாளில் எல்லாவற்றையும் விற்காதே. வருடத்துக்கு ஒன்றேகால் லட்சம் வரை நீண்டகால லாபத்துக்கு வரி இல்லை, மேலே போனால் பன்னிரண்டரை சதவீதம். போனஸாக வந்த 700க்கு அடக்கவிலை பூஜ்யம் என்று எடுப்பார்கள், அதை மறந்துவிடாதே. அதனால் மார்ச்சில் பாதி, ஏப்ரல் பிறந்ததும் மீதி, ரெண்டு வருடச் சலுகையும் கிடைக்கும்.

ஏப்ரல் வரை பொறுக்க முடியுமா உன்னால்?

எதற்குப் பணம் என்று நான் கேட்கவில்லை. பணம் வேண்டுமென்றால் பங்கை விற்க வேண்டியதே இல்லை, என் டெபாசிட் ஒன்று மார்ச்சில் முதிர்கிறது, சொன்னால் அப்படியே அனுப்பிவிடுவேன். போன மாதம் வீடியோவில் பேசினாயே, உன் பின்னால் பச்சைத் திரை தொங்கியது. உன் வீட்டில் திரை நீலம், நான்தான் கரூரில் தைத்து அனுப்பினேன். தோழி வீட்டில் இருந்திருப்பாய். நான் கேட்கவில்லை. குட்டி மட்டும் "பாட்டி, இங்க லிஃப்ட் இல்ல" என்றாள், நீ உடனே போனை வாங்கிவிட்டாய்.

பெரியத்தை விஷயத்தில் நான் பேசினதெல்லாம் உனக்கு ஞாபகம் இருக்கும். அப்போது எனக்கு அவ்வளவுதான் தெரியும். இப்போது அப்படிப் பேச மாட்டேன். ஆடிட்டர் ஆபீஸில் 14 பேரை வைத்து வேலை வாங்குகிறாய், உன் பேரைச் சொன்னால் பேங்கில் எனக்கு நாற்காலி போடுகிறார்கள், ஆனால் பெற்றவளுக்கு ஒரு போன் போட மட்டும் நேரம் இல்லை. சரி விடு. ஏப்ரல் வரை பொறுக்க முடியும் என்றால் பொறு. அதைத்தான் சொல்ல வந்தேன்.

அதைச் சொல்ல மட்டும் வரவில்லை. அந்த 900 பங்கை ஏன் உன் பேரில் வாங்கினேன் என்று நீ கேட்டதே இல்லை.

2008 பொங்கலுக்கு முன்னால் சென்செக்ஸ் 21,000. ஆபீஸில் எல்லோரும் வாங்கினார்கள். நானும் ஒரு மின் உற்பத்திக் கம்பெனிப் பங்கு வாங்கினேன். மின்சாரம் எனக்குத் தெரிந்த தொழில்தானே என்ற திமிர். அவர்கள் நிலையங்கள் எல்லாம் காகிதத்திலும் பாதிக் கட்டடத்திலும் இருந்தன, ஒரு யூனிட் விற்றதில்லை. பத்து வருடச் சராசரி எடுக்க ஒரு வருட லாபம்கூடக் கிடையாது. கீழே எதுவும் இல்லாமல் மேலே விலையை மட்டும் வைத்து நான் என்னத்தை வகுத்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. ஜனவரி கடைசியில் சந்தை விழுந்தது. வாங்கின விலையின் சராசரி இறங்கும் என்று மேலும் வாங்கினேன். அதில் போட்டது உன் கோயமுத்தூர் ஆர்க்கிடெக்சருக்கு எடுத்து வைத்திருந்த பணம், அதோடு அம்மாச்சி கொடுத்த வளையல் ரெண்டு. ஜூனில் பீஸ் கட்ட வேண்டிய சமயத்தில் பாதிகூட இல்லை.

உன்னிடம் என்ன சொன்னேன் என்று எனக்கு வார்த்தை வார்த்தையாக ஞாபகம் இருக்கிறது. "அப்பா ஹாஸ்டலுக்கு அனுப்ப மாட்டேங்கறார், நான் என்ன பண்ண." உங்கப்பா அப்போது வாசலில் செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் காதில் விழுந்தது. உள்ளே வந்து, "ஆமா, பொட்டப்புள்ளய அவ்வளவு தூரம் அனுப்ப முடியாது" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். நீ உள்ளூரில் பி.காம். சேர்ந்தாய். ரெண்டு வருடம் அவரிடம் சரியாகப் பேசவில்லை. அவர் ஒரு நாளும் என்னையும் ஒன்றும் சொன்னதில்லை. 2013இல் என் பி.எஃப். கடனில் உன் பேருக்கு இதை வாங்கினேன், வாங்கினால் மனசு ஆறும் என்று நினைத்தேன்.

இதை இந்த மெயிலில் எழுத உத்தேசமில்லை. பணவீக்கத்தை அடித்துக்கொண்டிருந்தவள் இதை அடித்துவிட்டேன். அழிக்கப் போவதில்லை.

அந்த 1600ம் உன் பணம் கண்ணு. பத்தொன்பதரை மடங்கோ பதினெட்டு மடங்கோ, உனக்கு நாளைக்கே வேண்டும் என்றால் நாளைக்கே விற்றுவிடு, வரி போனால் போகட்டும். மேல் ரூம் பெருக்கி வைத்திருக்கிறேன். மழைக்கு ஒழுகின இடத்தை அப்பா பூசிவிட்டார், நான் சொல்லவே இல்லை, அவராகவே ஆள் வைத்துப் பூசினார். குட்டிக்கு இங்கே பள்ளிக்கூடம் இருக்கிறது என்பதற்காகச் சொல்லவில்லை, லீவுக்கு வந்தால் சௌகரியமாக இருக்கும்.

அடுத்த முறை போன் செய்யும்போது என் நம்பருக்குப் போடாதே. அப்பா நம்பருக்குப் போடு.

அம்மா

பி.கு. நாமினி விஷயத்தை விட்டுவிட்டேன். பங்கெல்லாம் இருக்கிற டிமேட் கணக்கில் உள்ளே போய் நீயே மாற்றலாம், ஓ.டி.பி. உன் போனுக்குத்தான் வரும். குட்டி பேரைப் போடலாம், மைனர் என்பதால் காப்பாளர் பேர் ஒன்று கேட்கும், என் பேரைக் கொடு. பழைய நாமினியின் கையெழுத்து எதற்கும் தேவையில்லை. அவருக்குச் சொல்ல வேண்டியதும் இல்லை.