வண்டியில் குடியிருப்பது பற்றி அண்ணனுக்கு

சிட்னி,
ஜூலை மாதம்

அன்புள்ள அண்ணனுக்கும் மதினிக்கும்,

இயேசுவுக்குப் புகழ். இங்கே எல்லோரும் சுகம். வேர்க்காட்டில் சந்தியாகப்பர் திருவிழாவுக்குக் கொடி ஏறியிருக்கும். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போனதில் இறால் பாடு எப்படி என்று மதினியை ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

மருமகனுக்கு இங்கே படிக்க இடம் கிடைத்ததில் எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. அவன் தங்குவதைப் பற்றி நீங்கள் போனில் கேட்டதற்கு நிதானமாகப் பதில் எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடுகிறது.

முதலில் அந்த விளம்பரம். யாரோ ஒருவர் தன் வீட்டுக் கொல்லையில் மோட்டார் ஹோம் (கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கிற வண்டி) நிறுத்தியிருக்கிறார், வார வாடகைக்குத் தருகிறார், மூன்று மாத வாடகையை முன்பணமாக அனுப்பச் சொல்கிறார் என்றீர்கள். ஒரு பைசா அனுப்பாதீர்கள் அண்ணே. நாங்கள் இருக்கிற இந்த நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், வீட்டு மனையில் நிற்கும் வண்டியில் கவுன்சில் (நம்மூர் நகராட்சி மாதிரி) அனுமதி வாங்காமல் குடியிருக்க வேண்டுமானால், அந்த வண்டி அங்கே வீட்டில் குடியிருப்பவருக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். அவரும் அவர் வீட்டு ஆட்களும்தான் அதில் இருக்கலாம். அப்படி ஒரே ஒரு வண்டிதான். வெளியாள் வந்து தங்கினால் ஒரு தடவைக்கு இரண்டு நாள், 12 மாதத்தில் மொத்தம் 60 நாள், அதற்கு மேல் கூடாது. மாதக்கணக்கில் வாடகைக்கு விட அதில் இடமே இல்லை. வீடு என்று முறையாக வாடகைக்கு விட்டால் முன்பணம் நாலு வார வாடகையைத் தாண்டக் கூடாது, அதுவும் அரசாங்கத் துறையிடம் போய்ச் சேர வேண்டும். மூன்று மாதப் பணத்தை முன்னாலேயே கேட்கிறார் என்றாலே புரிந்துகொள்ளுங்கள்.

மண்டபம் ஊர்ப் பையன் ஒருவன் இப்படித்தான் ஒரு கொல்லை வண்டியில் இருந்தான். பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுத்தார், கவுன்சிலிலிருந்து ஆள் வந்தார், பையன் பரீட்சை நேரத்தில் மூட்டை கட்டினான். கொடுத்த பணம் திரும்பவில்லை. எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் படுத்துப் படித்தான். அந்த முகத்தைப் பார்த்ததால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

"சொந்த மனையில் எவனை வைத்தால் என்ன, யார் கேட்கிறது?" என்றீர்கள். நம்மூரில் ஆள் வந்தால் ஓலை வைத்துச் சாய்ப்பு இறக்கிவிடுவோம், சரி. இங்கே ஒரு வண்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தால் கவுன்சில் கேட்கிற கேள்வி நியாயமாகத்தான் படும். கட்டிலுக்கு அடியில் கழிப்பறைத் தொட்டி. வெளிப்பக்கம் ஒரு சின்னக் கதவைத் திறந்து, பெட்டி மாதிரி அதை உருவி எடுத்து, அதற்கென்று இருக்கிற இடத்தில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். பாத்திரம் கழுவின தண்ணீரைத் தெருவோர மழைநீர்க் கால்வாயில் விடவே கூடாது. அந்தக் கால்வாய்த் தண்ணீர் சுத்தம் ஆகாமல் நேரே ஓடைக்கும் கடலுக்கும் போகிறது. கடலை நம்பிப் பிழைக்கிற நமக்கு இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் மின்சாரம். வீட்டு பிளக் பாயின்ட் 10 ஆம்பியர், வண்டிக்கு வேண்டியது 15. அந்த பிளக்கின் எர்த் முள் மட்டும் கொஞ்சம் அகலம், வீட்டுப் பாயின்டில் நுழையாது. தெரியாமல் நுழைத்துவிடக் கூடாது என்றுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். அதை அரத்தால் ராவி நுழைக்கிறவர்களும் இருக்கிறார்கள். வயர் சூடேறி, தூங்குகிறவன் தலைமாட்டில் தீப்பிடித்தால்? குளிருக்குக் கதவு ஜன்னலை அடைத்துக்கொண்டு உள்ளே காஸ் அடுப்பு எரித்தால் கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளைக் கொன்றுவிடும்.

சட்டம் கண்மூடித்தனமாகவும் இல்லை. 2022 பிப்ரவரி கடைசியில் இந்த மாநிலத்தின் வடக்கே லிஸ்மோர் ஊரில் ஆறு 14 மீட்டருக்கு மேல் ஏறி வீடுகளை முழுக்கியது. அப்போது அரசாங்கமே கேரவன் (காரில் கட்டி இழுக்கிற வீட்டு வண்டி) கொடுத்து, அவரவர் மனையிலேயே நிறுத்தி இருக்க விட்டது. அதைச் செய்தியில் பார்த்தபோது அப்பத்தா நினைப்புதான் வந்தது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியை விட்டுக் கையில் ஒன்றும் இல்லாமல் வந்த கதையை அது எத்தனை தடவை சொல்லியிருக்கும்! ஊர் வாழத் தகுதியற்றது என்று அறிவித்தார்கள். இன்றைக்கும் நம் ஆட்கள் அங்கே ஓலைக் குடிசையில் இருந்துதான் தொழில் பார்க்கிறார்கள். இருக்கக் கூடாது என்று சொல்கிற சட்டம், அப்படியானால் எங்கே இருப்பது என்பதையும் சொல்ல வேண்டும் அண்ணே. எனக்கு அதில் மாற்றுக் கருத்தே கிடையாது.

இப்போது நம் பையன் விஷயம். உங்கள் மாப்பிள்ளை பிள்ளைகளோடு ஊர் சுற்ற வாங்கின பழைய மோட்டார் ஹோம் எங்கள் கொல்லையில்தான் நிற்கிறது. வண்டி எங்களுடையது, வீட்டில் நாங்கள் இருக்கிறோம், அவன் எங்களோடு சமைத்துச் சாப்பிட்டு, வீட்டுக் குளியலறையைப் பயன்படுத்திக்கொண்டு இருப்பான். படிக்கவும் படுக்கவும் மட்டும் வண்டி. அத்தை பிள்ளைகளுக்கு இடைஞ்சலாக இருப்பேனோ என்று அவன் கூச்சப்படுகிறான், அதனால்தான் இந்த ஏற்பாடு. அவனிடம் வாடகை வாங்க மாட்டோம். நீங்கள் அதைப் பேசவே வேண்டாம்.

அவன் எங்கள் வீட்டு ஆள்தான் என்பதைச் சொல்லிக் கவுன்சிலுக்கு எழுதியிருக்கிறேன். பதிலை எழுத்தில் கேட்டிருக்கிறேன், வந்ததும் படம் பிடித்து அனுப்புகிறேன். 15 ஆம்பியர் பாயின்ட் போட எலக்ட்ரீஷியனிடமும் சொல்லியாயிற்று. கவுன்சில் கூடாது என்றால் பிள்ளைகள் ஓர் அறையில் நெருக்கிப் படுத்துக்கொள்வார்கள், அவனுக்கு மற்ற அறை.

அந்த விளம்பரக்காரருக்குப் பதில் போட வேண்டாம். மருமகனின் பாஸ்போர்ட் படத்தை வேறு அனுப்பியிருக்கிறீர்களா என்று உடனே சொல்லுங்கள். மதினி கருவாடு கட்டிக் கொடுக்க ஆசைப்படும். விமான நிலையத்தில் காட்டாமல் கொண்டுவந்தால் அபராதம் போடுவார்கள், அதனால் இந்தத் தடவை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அன்புத் தங்கச்சி